வாடி போடும் கரை

புதுக்குடியிருப்பிலிருந்து கேப்பாப்புலவு வழியாக வற்றாப்பளைக்குப் போகும் வீதியில் கடலைக் காணமுடியாது. இடப்பக்கம் மரங்கள் விலகும் இடங்களில் தெரிவது நந்திக்கடல் என்ற களப்பு. வைகாசியில் அது பாதி வற்றிக் கிடக்கிறது. ஓரத்துச் சேறு வெடித்து, வெடிப்பின் விளிம்பில் உப்பு பூத்திருந்தது. முழங்காலளவு நீரில் ஒருவர் வீச்சுவலையோடு நடந்துகொண்டிருந்தார். அவருக்கும் அப்பால் ஒரு கோடாகத் தெரிந்த மணல்திட்டைத் தாண்டினால் வங்காள விரிகுடா.

இந்தக் கிடப்பு விளங்காமல் வற்றாப்பளை விளங்காது. கண்ணகை அம்மன் கோயில் இருப்பது களப்பின் மேற்குக் கரையில். கடலுக்கும் கோயிலுக்கும் நடுவே களப்பு நீர் பரந்து கிடக்கிறது. அது கடலோடு சேரும் வாய் வட்டுவாகலில் இருக்கிறது. மாரியில் பேராறு கொண்டுவரும் வெள்ளம் நிரம்பி அந்த வாயை உடைத்துக்கொண்டு போகும்; மழை ஓய்ந்த பிறகு அலை மணலைத் தள்ளித் தள்ளி அதை அடைத்துவிடும். ஆண்டுதோறும் திறந்தும் மூடியும் பழகிய கரை இது. இங்கே நிலம் எது, நீர் எது என்பதற்கு மாதம் பார்த்துத்தான் பதில் சொல்லவேண்டும்.

நான் போனது பொங்கலுக்கு. வைகாசி விசாகத்தை ஒட்டிவரும் திங்கட்கிழமை வற்றாப்பளைப் பொங்கல். வன்னி முழுவதும் அன்று அந்தப் பக்கம் திரும்பிவிடும். மதுரையை எரித்த பிறகு கண்ணகி ஈழத்துக்கு வந்து பல இடங்களில் தங்கி, பத்தாவதாக இங்கே தங்கினாள் என்பது ஊர்க்கதை. நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் ஒரு கிழவியாக வந்து பசிக்கிறதென்றாளாம். பொங்கிக் கொடுத்தார்கள். இருட்டியதும் விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்றார்கள். கடல்நீரை அள்ளி ஊற்றுங்கள் என்றாளாம் கிழவி. அதனால்தான் பொங்கலுக்கு ஒரு கிழமைக்கு முன்னரே சிலாவத்தையில் உள்ள தீர்த்தக்கரைக்குப் போய்க் கடலில் நீர் எடுக்கிறார்கள். அதை முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து, அந்த நீரில் விளக்கேற்றி, பொங்கலன்று வற்றாப்பளைக்குக் கொண்டுபோகிறார்கள்.

இந்தப் பயணத்தில் எனக்கு வேறொரு வேலையும் இருந்தது. கடல்மட்டம் உயர்ந்துகொண்டிருக்கும் காலத்தில், தீவுகளின் கடற்கரைச் சுற்றுலா எப்படித் தன்னை மாற்றிக்கொள்ளவேண்டும் என்ற கேள்வியோடு சில காலமாகக் கரைகளைப் பார்த்துவருகிறேன். தெற்கிலும் மேற்கிலும் பார்த்தவை பெரும்பாலும் கட்டி முடித்த கரைகள். முல்லைத்தீவு இன்னும் கட்டப்படாத கரை. தப்பைத் திருத்துவதற்கும் தப்பே செய்யாமல் தொடங்குவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று இங்கேதான் பார்க்கமுடியும் என நினைத்து வந்தேன்.

கோயில் வீதியில் பொழுது சாயும்போது கால் வைக்க இடமில்லை. கிளிநொச்சி, வவுனியா, மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை என்று பஸ்கள் வந்துகொண்டே இருந்தன. காவடிகள், தூக்குக்காவடிகள், பொங்கல் பானைகள், கச்சான் கடைகள். தென்னிலங்கையிலிருந்து வந்த சிங்களக் குடும்பங்களும் பத்தினி தெய்வத்தைக் கும்பிட வரிசையில் நின்றன. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலைக் கையில் பிடித்தபடி அப்பம்மாவின் சேலைத் தலைப்பை விடாமல் நடந்தார்கள். உல்லாசப் பயணத்துறை இதைத் தன் கணக்கில் சேர்க்குமோ என்னவோ, முல்லைத்தீவு மாவட்டத்துக்கு ஆண்டில் ஒரே இரவில் இத்தனை வருகையாளர்களைக் கொண்டுவருவது இந்தப் பொங்கல்தான்.

மணலில் பாய் விரித்து, பேரப்பிள்ளையை மடியில் கிடத்தியிருந்த ஒரு அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்க இடம் கிடைத்தது.

“எங்கையிருந்து வாறியள் அம்மா?”

“விசுவமடு. நீங்கள்?”

சொன்னேன். இரவு எங்கே தங்குவீர்கள் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கேள்வியே விளங்கவில்லை என்பது தெரிந்தது.

“இஞ்சதான் தம்பி. பாயை விரிச்சாக் கொஞ்ச நேரத்தில விடிஞ்சிடும். தங்கிறதுக்கே வந்தனாங்கள்? அம்மாளைப் பாக்கவெல்லோ வந்தனாங்கள்.”

அந்த இரவு முழுவதும் அவருடைய வார்த்தை என்னோடு இருந்தது. இத்தனை ஆயிரம் பேருக்கு அங்கே எழுந்திருந்தவை என்ன? பந்தல், தண்ணீர்த் தாங்கி, தற்காலிக மலசலகூடம், கிடுகுக் கொட்டில், மேலதிக பஸ். சில நாட்களில் எல்லாவற்றையும் பிரித்து ஏற்றிவிடுவார்கள். களப்புக் கரை பழையபடி மாடு மேயும் இடமாகிவிடும். குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். பிளாஸ்ரிக் குப்பை களப்புக்குள் போகிறது, மலசலகூடங்கள் போதாது. ஆனாலும் பெருங்கூட்டத்தைக் கூப்பிட்டு உபசரித்து, கரையில் ஒரு கல்லும் நடாமல் அனுப்பிவைக்கும் முறையொன்று இந்த ஊருக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்திருக்கிறது. கடற்கரைச் சுற்றுலாவுக்குத் திட்டம் தீட்டுகிறவர்கள் முதலில் வந்து உட்காரவேண்டிய இடம் இந்தக் கோயில் வீதி.

மறுநாள் முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போனேன். சோளகம் தொடங்கியிருந்ததால் கிழக்குக் கடல் தணிந்திருந்தது. நகரின் கரையிலிருந்து கள்ளப்பாடு, சிலாவத்தை, அலம்பில், செம்மலை, நாயாறு, கொக்கிளாய் என்று தெற்கே நீளும் மணல், நான் பார்த்த கரைகளுக்குள் மிக அகலமானவற்றில் ஒன்று. மேற்புறத்தில் அடம்பன் கொடி ஊதாப் பூவோடு படர்ந்து, இராவணன் மீசை உருண்டு உருண்டு மணலைப் பிடித்துவைத்திருக்கிறது. அதற்கும் மேலே தாழையும் பனையும். இந்தச் செடிகளுக்கு நடுவேதான் கரைவலைக்காரர்களின் வாடிகள். தடி நட்டு, கிடுகு வேய்ந்து, வலையும் சமையற் பாத்திரமும் படுக்கையும் உள்ளே. நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் சோளகக் காலத்தில் மேற்குக் கரையிலிருந்தும் மீனவர்கள் வந்து வாடி போடுவார்கள். வலை இழுக்கும் கரைத்துண்டான பாடு யாருடையது என்ற தகராறு அதில் உண்டு. உள்ளூர் மீனவர்களின் குறை நியாயமானது.

ஒரு வாடியின் நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவரிடம் கடல் ஏறிவருகிறதா என்று கேட்டேன்.

“ஐயா, முந்தி இருந்த கரைதானா இது?”

“கடல் வாடைக்கு வந்து கேக்கும் தம்பி, குடுத்திடவேணும். சித்திரையில திரும்பத் தந்திடும். இப்ப முழுசாத் தாறேல்லை.”

“அப்ப வாடி?”

“தள்ளிப் போடுறதுதான். தடியைப் புடுங்கி அங்கால நட்டா வாடி. கல்வீடெண்டா என்ன செய்வியள்?”

வாடை பெயரும்போது கரை மணலை இழப்பதும், அமைதிக் காலத்தில் திரும்பப் பெறுவதும் கிழக்குக் கரையின் இயல்பு. அந்தக் கணக்கில்தான் இப்போது கை வைக்கப்பட்டிருக்கிறது. 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்துவிட்டது என்று காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு தன் ஆறாவது மதிப்பீட்டில் சொல்கிறது. 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர். 1995–2014 காலத்து மட்டத்தோடு ஒப்பிட்டால், 2100இல் வாயு வெளியேற்றம் மிகக் குறைந்த நிலையில் 28 முதல் 55 சென்ரிமீற்றர், மிகக் கூடிய நிலையில் 63 சென்ரிமீற்றர் முதல் 1 மீற்றர் வரை உயரக்கூடும். அரை மீற்றர் என்றால் சின்ன அளவாகத் தெரியலாம். ஆனால் இந்தக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசமே ஒரு மீற்றரை எட்டாது. வற்று நேரத்துக் கடல், இன்றைய பெருக்கின் உயரத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் காலத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். அதன்மேல் ஒரு புயல் வந்தால்?

மணற்கரையில் கடல் செங்குத்தாக ஏறுவதில்லை, படுக்கையாக உள்ளே வரும். ஒரு சென்ரிமீற்றர் உயர்வுக்கு அரை மீற்றர் முதல் ஒரு மீற்றர் வரை கரை பின்வாங்கலாம் என்பது கரையோரப் பொறியியலில் பழைய பருமட்டான கணக்கு. பின்வாங்க இடமிருந்தால் கரை அழியாது. தன் மணற்குன்றையும் கொடிகளையும் கூட்டிக்கொண்டு உள்ளே நகரும். பின்னால் மதில் நின்றால் நகர வழியில்லை. மதிலுக்கும் அலைக்கும் நடுவே நசுங்கிக் கரை கரைந்துபோகும். விடுதி நிற்கும், கடற்கரை இராது.

இதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. காலிக்குப் பக்கத்தில் உனவட்டுன, இலங்கையின் அழகான குடாக்களில் ஒன்று. கரையின் விளிம்புவரை விடுதிகளும் உணவகங்களும் நெருக்கிக் கட்டப்பட்டன. கரையைக் காப்பதாக அலைத்தடுப்பு போட்ட பிறகு மணல் இன்னும் வேகமாகப் போயிற்று. பிறகு கடலடியிலிருந்து மணலை இறைத்து நிரப்பவேண்டி வந்தது. கல்கிசையில் 2020இல் பெருஞ்செலவில் கொட்டிய மணலில் எவ்வளவு கடல் கொண்டுபோனது என்பது பெரிய சர்ச்சையானது. ஒருமுறை மணல் கொட்டத் தொடங்கிய கரைக்கு மீண்டும் மீண்டும் கொட்டவேண்டியிருக்கும்.

மாலைதீவின் நிலை வேறு. நிலத்தில் ஏறக்குறைய 80 வீதம் கடலுக்கு மேல் ஒரு மீற்றர் உயரத்துக்குள் கிடக்கும் நாடு அது. 2009 ஒக்ரோபரில் ஜனாதிபதி மொஹமட் நஷீட் தன் அமைச்சரவையைக் கடலுக்கடியில் கூட்டி உலகத்தின் கண்ணை அந்தப் பக்கம் திருப்பினார். ஹுல்ஹுமாலே என்ற செயற்கைத் தீவை ஏறத்தாழ 2 மீற்றர் உயரத்துக்கு எழுப்பி மக்களைக் குடியேற்றுகிறார்கள். பின்வாங்க உள்நாடு இல்லாதவர்களின் வழி அது. எங்களுக்குப் பின்னால் முள்ளியவளை இருக்கிறது, தண்ணீரூற்று இருக்கிறது, ஒட்டுசுட்டானும் காடும் இருக்கின்றன. பின்வாங்க நிலம் உள்ள தீவு, நிலமில்லாத தீவைப் பார்த்து நீர்மேல் மாளிகை கட்ட ஆசைப்படக்கூடாது.

யாலவில் நடந்ததும் மறக்கக்கூடாதது. கடல் நன்றாகத் தெரியவேண்டும் என்று ஒரு விடுதிக்கு முன்னால் இருந்த மணற்குன்றை வெட்டியிருந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அலை அந்த வழியாகவே ஏறி விடுதியை அழித்தது. அங்கே குன்று வெட்டப்படாமல் நின்ற இடங்களின் பின்புறம் பெரும்பாலும் தப்பியது. பின்னர் வந்த ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

அந்தத் தேதியை முல்லைத்தீவில் உச்சரிக்கும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது. மாவட்டத்தில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் அன்று போனார்கள். ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள். கரையோரத்துத் தேவாலயமும் வீடுகளும் சந்தையும் ஒரே காலையில் இல்லாமற்போயின. அதன்பிறகு அரசு, தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் வீடுகளை மீளக் கட்டக்கூடாது என்று அறிவித்தது. மீனவனுக்கு இந்த விதி; சுற்றுலா விடுதிகளுக்கு விலக்கு. அறுகம்பையில் மீனவர்கள் இதை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். 2005 முடிவில் எல்லை தளர்த்தப்பட்டது. கடலைக் காட்டிப் பயமுறுத்தி ஏழையை எழுப்பிவிட்டு, அதே இடத்தில் பணக்காரனுக்கு ஜன்னல் திறந்து கொடுத்த அந்த அநீதியை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது. ‘கடல்மட்டம் உயர்கிறது, விலகுங்கள்’ என்று நாளை ஒரு அதிகாரி வரைபடத்தோடு வந்தால், மக்கள் முதலில் கேட்கப்போவது ‘யார் விலகவேண்டும்’ என்பதைத்தான். முல்லைத்தீவு மக்கள் சுனாமிக்கு விலகினார்கள், போருக்கு விலகினார்கள், திரும்பி வந்தபோது கேப்பாப்புலவில் தம் காணிக்காகப் படைமுகாமின் வாசலில் மாதக்கணக்கில் குந்தியிருந்தார்கள். இவர்களிடம் இன்னொரு முறை விலகச் சொல்வதற்கு முன், விதி எல்லோருக்கும் ஒன்று என்பதைச் சட்டத்தில் எழுதிக் காட்டவேண்டும்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரைக் கரையோர வலயமாக்கியது. கடலோடு தொடுபடும் களப்புகளுக்கு அந்த எல்லை 2 கிலோமீற்றர் உள்ளே நீளும். அதற்குள் கட்ட அனுமதி வேண்டும். 2017இல் நந்திக்கடலும் நாயாறும் இயற்கை ஒதுக்கிடங்களாகவும் பிரகடனப்படுத்தப்பட்டன. கொக்கிளாய்க் களப்பு 1951 முதலே பறவைகள் சரணாலயம். அந்த 300 மீற்றரும் நிலையான கோடல்ல என்பதை இப்போதே ஏற்கவேண்டும். கடல் நகர்ந்தால் அதுவும் நகரும். இன்று 310ஆவது மீற்றரில் அத்திவாரம் வெட்டுகிறவர், தன் பேரனை வலயத்துக்குள் விட்டுப்போகிறார்.

போருக்குப் பிறகு முல்லைத்தீவுக்கு வந்த முதல் சுற்றுலா எப்படிப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். 2006 டிசம்பரில் கரைதட்டிய ‘ஃபாரா 3’ என்ற ஜோர்தானியக் கப்பலின் துருப்பிடித்த உடலைப் பார்க்கத் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தார்கள். பதுங்குகுழிகளையும் போர்ச் சிதைவுகளையும் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். 2009 மே மாதத்தில் போர் முடியும்போது வட்டுவாகலைக் கடந்துபோன மக்களின் துயரம் அந்தப் படங்களில் இல்லை. ஊர்க்காரர் ஒருவருக்கும் அதனால் ஒரு சோற்றுப் பார்சலும் விற்கவில்லை என்று நகரில் தேநீர்க்கடை நடத்தும் அக்கா சொன்னார். “வந்தவை, பாத்தவை, போட்டினம். எங்களோட ஆரும் கதைக்கேல்லை.” பொங்கலுக்கு வருகிறவர் ஊரோடு கதைத்தே ஆகவேண்டும், தீர்த்தமெடுக்கும் உரிமை யாருக்கு, பானை வைக்கும் இடம் எது, பாக்குத்தெண்டல் சடங்கு எப்போது என்பதெல்லாம் ஊரின் கையில் இருக்கின்றன.

பிற்பகல் வட்டுவாகல் பாலத்தில் இறங்கி நின்றேன். பழைய பாலம் தாழ்ந்தது. மாரி வெள்ளம் அதன்மேல் ஏறிப் பாயும். புதிய பாலத்துக்கான வேலை 2025 செப்டெம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. சுண்டிக்குளம் பக்கத்துக் களப்பொன்றின் முகத்துவாரத்தை அகலப்படுத்தி வெள்ளத்தை வடியவிடப் போன கடற்படையினர் ஐவர் நீரில் அடித்துச் செல்லப்பட்டார்கள். களப்பு வாயை வெட்டுவது எவ்வளவு ஆபத்தான வேலை, எவ்வளவு அவசியமான வேலை என்பது அந்த ஒரு செய்தியில் இருக்கிறது. கடல்மட்டம் உயர்ந்தால் வெளியே நிற்கும் நீரும் உயர்ந்து நிற்கும். உள்ளே நிற்கும் வெள்ளம் வடிய மறுக்கும். வயல்காரர் வாயை வெட்டச் சொல்வார், இறால் பிடிக்கிறவர் இன்னும் பொறு என்பார். வற்றாப்பளைக்குக் கடல் வரும் வழி இதுதான். மணற்கரையில் அலையாக வராது, களப்பு வழியாகச் சத்தமில்லாமல் பின்பக்கத்தால் வரும். நந்திக்கடலின் ஓரம் அவ்வளவு தட்டையானது. ஒரு சாண் ஏறினால் உப்பு எத்தனையோ வரம்பு தாண்டிவிடும்.

இன்னொன்று கிணறு. மணற்கரையில் நன்னீர், உப்புநீரின்மேல் கஞ்சியில் ஆடை படிந்ததுபோல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே நாற்பது அடி வரை நன்னீர் உண்டு என்பது நீரியலாளர் கணக்கு. இந்தக் கணக்கு திரும்பவும் வேலை செய்யும். மேலே ஒரு அடி குறைந்தால் கீழே நாற்பது அடி போய்விடும். நீச்சல் தடாகத்துக்கும் புல்வெளிக்கும் இரவு பகலாக இறைக்கும் ஒரு மோட்டருக்கு, பக்கத்துக் குடிமனைகளின் கிணறுகளை உவர்ப்பாக்கக் கடல்மட்ட உயர்வின் உதவிகூடத் தேவையில்லை.

ஆகவே என் எண்ணத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன். முல்லைத்தீவின் மணலில் கல்லால் எதுவும் கட்டக்கூடாது. பகலில் கரைக்கு வாருங்கள், இரவில் ஊருக்குள் போங்கள் என்பதே இந்தக் கரையின் சுற்றுலாவாக இருக்கட்டும். தனுஷ்கோடியில் அப்படித்தான் நடக்கிறது. 1964 டிசம்பரில் இலங்கையின் வடபகுதியையும் உலுக்கிச் சென்ற புயல் அந்த ஊரை அழித்தது. இன்று ஆயிரக்கணக்கானோர் அரிச்சல்முனை வரை போய்க் கடலைப் பார்த்துவிட்டு மாலைக்குள் இராமேசுவரம் திரும்புகிறார்கள். அங்கே விடுதி இல்லாததால் யாரும் போகாமல் விட்டதில்லை. இங்கேயும் படுக்கைகள் முள்ளியவளையிலும் தண்ணீரூற்றிலும் வீடுகளோடு சேர்ந்த அறைகளாக இருக்கலாம். வருமானம் பல வீடுகளுக்குப் பிரியும், கிணறுகள் தாங்கும், மணல் நகர இடமிருக்கும். கரையில் நிழலும் சாப்பாடும் வேண்டுமென்றால் வாடி போடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சித்திரையில் நட்டு, ஐப்பசி மழைக்கு முன் பிடுங்கி அடுக்கும் கொட்டிலுக்குக் கடல்மட்டம் ஒரு பிரச்சினையே அல்ல.

ஒரு சிக்கலை மறைக்கமுடியாது. கிழக்குக் கரையில் சுற்றுலாவுக்கு உகந்த மாதங்களும் கரைவலைக்கு உகந்த மாதங்களும் ஒன்றே. வலை இழுக்கும் பாட்டில் சாய்கதிரை விரித்தால் சண்டைதான் வரும். எந்தப் பாடு யாருக்கு, எந்த நேரம் வலைக்கு, எந்த இடம் குளிக்க என்பதை மீனவர் சங்கங்கள் முடிவு செய்து பிரதேச சபை எழுதிவைக்கவேண்டும். கொழும்பில் கீறி அனுப்பும் திட்டம் இங்கே ஒரு வாடை தாங்காது.

போக விரும்புகிறவர்களுக்கு: வைகாசி முதல் ஆவணி வரை கடல் தணிந்திருக்கும், ஐப்பசிக்குப் பிறகு குளிக்க இறங்கவேண்டாம். பரந்தனிலிருந்தும் மாங்குளத்திலிருந்தும் முல்லைத்தீவுக்கு பஸ் உண்டு. பொங்கலுக்குப் போவதென்றால் பாயும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுபோங்கள், போத்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். மணற்குன்றில் வாகனம் ஏற்றாதீர்கள், அடம்பனை மிதிக்காமல் ஒற்றையடிப் பாதையில் இறங்குங்கள். வலை கரையேறும்போது ஒரு கை பிடித்தால் பெரியவர்கள் வேண்டாமென்று சொல்வதில்லை. நந்திக்கடல் இறாலைப் பிடித்தவரிடமே கேட்டு வாங்கி, முள்ளியவளையில் ஒரு வீட்டில் கறியாக்கிச் சாப்பிடுங்கள்.